தட்டுறவன்

பயப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். சொன்னால் யாரும் நம்புவதில்லை. செம்பூரில் ரயிலேறி, வாஷியில் மாறி, ஐரோலியில் இறங்கி, ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நாலாவது மாடியில் ஏசி குளிருக்குத் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு நாள் முழுக்க வீடியோ கேம் ஆடுவேன். ஆடி ஜெயிப்பது என் வேலையில்லை. திறக்கக் கூடாத கதவு எங்காவது திறந்துகொள்கிறதா, பேய் சுவருக்குள் சிக்கிக்கொண்டு கையைக் காலை ஆட்டுகிறதா என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். டெஸ்டர் என்பார்கள். ஒரே பேய் ஒரே கதவிடுக்கிலிருந்து நூறு தடவை எட்டிப் பார்த்தால், அடுத்த தடவை "வா, சாப்பிட்டியா?" என்று கேட்கத்தான் தோன்றும். பத்து வருஷமாகப் பேய்களோடு எனக்கு இருந்தது இந்த மாதிரியான சுமுக உறவுதான்.

அது கெட்டது ஒரு வடாபாவ் மீட்டிங்கில். புதிதாக ஒரு திகில் கேம் செய்வதாகத் திட்டம். என்னைவிட வயதில் சின்னவரான எங்கள் முதலாளி எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, நடுவில் வடாபாவ் பொட்டலங்களைப் பிரித்துப் போட்டு, ஆளுக்கொரு 'பச்பன் கா டர்' சொல்லுங்கள் என்றார். சின்ன வயதில் எதற்குப் பயந்தீர்கள்? ஒருவர் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி என்றார். ஒருத்தி பள்ளிக்கூடக் கழிவறையின் கடைசிக் கதவு என்றாள். கரப்பான்பூச்சி என்று சொன்னவரைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். என் முறை வந்தது. நானும் கரப்பான்பூச்சி என்று சொல்லியிருக்கலாம். நாக்கில் சனி. தட்டுறவனைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

சொல்லி முடித்தபோது யாரும் சாப்பிடவில்லை. முதலாளி கையில் கடித்த பாவோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இதுதான் நம்ம கேம், வேறு எதுவும் வேண்டாம் என்றார்.

அவர்களுக்கு நான் சொன்னது பாதிதான். மீதிப் பாதியை அதுவரை யாருக்கும் சொன்னதில்லை. அம்மாவுக்கும் தங்கைக்கும் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே உலகத்தில் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

எங்கள் பழைய வீடு தாராவியில், திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஒரு கல்லியில், ஒடுக்கமான தெருவில், இருந்தது. இரண்டு பக்கத்துத் தகரக் கூரைகளும் நடுவில் முட்டிக்கொள்ளும். முட்டாத இடத்தில் நீலத் தார்ப்பாய் கட்டியிருப்பார்கள். மே மாத நண்பகலிலும் விளக்குப் போட்டால்தான் சோற்றில் கல் கிடப்பது தெரியும். கரண்ட் போய்விட்டால் பகல் பன்னிரண்டு மணிக்குக் கும்மிருட்டு. இருட்டு என்றால் ராத்திரி என்று நினைக்கிறவர்கள் எங்கள் கல்லியைப் பார்த்ததில்லை.

வீடு என்பது ஒரே அறை. முன்கதவு கல்லியைப் பார்த்திருக்கும். பின்கதவைத் திறந்தால் ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கிற அளவுக்குச் சாக்கடைச் சந்து. இரண்டு கதவும் தகரம்தான். அறையின் பாதி உயரத்தில் பலகை அடித்து ஒரு மாளா போட்டிருந்தோம். இரும்பு ஏணி வழியாக அதில் ஏறினால் உட்காரலாம், படுக்கலாம், நிற்க முடியாது. கூரைத் தகரம் தலையில் இடிக்கும்.

அப்பா லாரி ஓட்டினார். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் பெரிது. அம்மா மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்கினாள். காலை ஏழு மணிக்குப் போனால் மத்தியானம் இரண்டுக்குத்தான் வருவாள். பள்ளிக்கூடம் உள்ள நாட்களில் சிக்கலில்லை. மே லீவில் எனக்கும் தங்கைக்கும் மாளாதான் கதி. எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு நாலு. அம்மா முன்கதவை வெளியே பூட்டிவிட்டுப் போவாள். பின்கதவை நான் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு மாளாவில் ஏறிவிட வேண்டும். குண்டானில் சோறு, சொம்பில் தண்ணீர், அவசரத்துக்கு ஒரு வாளி, எல்லாம் மேலேயே இருக்கும். ஸ்டவ் பக்கம் போகக் கூடாது. பின்கதவைத் திறக்கக் கூடாது. சத்தம் போடக் கூடாது.

ஏன் கூடாது என்று கேட்ட முதல் நாளே அம்மா பதில் சொல்லிவிட்டாள்.

"தட்டுறவன் வருவாம்ட்டி. வீட்ல பெரியாளு இருந்தா வரமாட்டான். பிள்ளைய தனியா இருந்தா வந்து தட்டிப் பாப்பான். உள்ள சத்தம் கேட்டுச்சுன்னா கூப்பிடுவான். ஆம்பள குரல்ல கூப்பிடுவான், பொம்பள குரல்ல கூப்பிடுவான், ஏன், எங்குரல்லயே கூப்பிடுவான். வாயத் தொறந்தன்னா அவ்வளவுதான். எங்கிட்ட சாவி இருக்கு. நான் வந்தா நானே தொறந்துட்டு வருவேன். உன்னியக் கூப்பிடவே மாட்டேன். தங்கச்சியப் பேசவிடாத, என்ன?"

அவன் வந்தான். அதுதான் கொடுமை. அம்மா சும்மா சொல்லியிருந்தால் நாலு நாளில் பயம் தெளிந்திருக்கும். இவன் காலையில் இரண்டு தடவையாவது வந்துவிடுவான். முதலில் கல்லியின் அந்தக் கோடியில் கேட்கும். பிறகு நாலாவது வீடு, மூன்றாவது வீடு. அப்புறம் எங்கள் கதவில், இரண்டு தட்டு, நிதானமாக. நான் மூன்று மூச்சு விடுகிற நேரம் ஒன்றும் கேட்காது. பிறகு ஒரே ஒரு தட்டு. கடைசியில் ஏதோ ஓர் இரும்பு எங்கள் தகரத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் மெதுவாகக் கீறிக்கொண்டே போகும். அந்தக் கீறல் காதில் மட்டும் கேட்காது. பலகை வழியாக வந்து விலா எலும்பில் அதிரும். கதவுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த இடுக்கில் நிழல் ஒன்று நின்று, நகரும். நான் தங்கையின் முகத்தை என் வயிற்றில் அமுக்கிக்கொண்டு, மாதா படத்தைப் பார்த்தபடி கிடப்பேன். கீறல் அடுத்த வீட்டுக்குப் போன பிறகுதான் மூச்சு விடுவேன்.

அம்மா வீட்டில் இருக்கும்போது ஒருநாளும் அவன் வந்ததில்லை. மெஸ்ஸில் அவளுக்கு வார லீவு கிடைக்கிற நாளில்கூட, "தண்ணி வருதான்னு பாத்துட்டு வாரேன்" என்று அவள் வெளியே போன ஐந்தாவது நிமிஷம் தட்டுவான். அவள் எப்போது போகிறாள், எப்போது வருகிறாள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும் என்று கணக்குப் போட்டு, அதற்கும் சேர்த்துப் பயந்தேன்.

மீட்டிங்கில் நான் சொன்னது இதுவரைதான்.

அந்த மே மாதத்திலேயே ஒருநாள் எங்கள் வீட்டுக்கு முன்பக்கம், நாலு வீடு தள்ளியிருந்த பிளாஸ்டிக் குடோனில் தீப்பிடித்தது. மணி பதினொன்று இருக்கும். கல்லியில் கூச்சல் கேட்டது. எங்கள் கல்லியில் கூச்சல் கேட்காத நாள் எது? நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கரண்ட் போயிற்று. புகை எப்போதும் மேலேதான் ஏறும் என்பதால் கீழே வருவதற்கு முன் மாளாவுக்கு வந்தது. கண் எரிந்தது. தங்கை இருமினாள். கீழே இறங்கலாமா என்று ஏணியில் கால் வைத்தேன்.

அப்போது பின்கதவில் தட்டினான். இரண்டு தட்டு. பிறகு ஒன்று. பிறகு கீறல். அதுவரைக்கும் அவன் பின்கதவுக்கு வந்ததே இல்லை. வைத்த காலை எடுத்துக்கொண்டேன்.

"ஏட்டி! கதவத் தொற! அம்மா வந்திருக்கேன்! தீப்புடிச்சிருக்குட்டி, தொற!"

அம்மாவின் குரல்தான். அதனால்தான் எனக்கு உடம்பு விறைத்துப்போயிற்று. அம்மா இரண்டு மணிக்கு வருகிறவள், இது பதினொன்று. அம்மாவிடம் சாவி இருக்கிறது, அவள் என்னைக் கூப்பிடவே மாட்டாள். எல்லாவற்றுக்கும் மேலே, இந்தக் குரல் அழுதது. அம்மா அழுது நான் அதுவரை கேட்டதில்லை. குரலை அச்சாக எடுத்துக்கொண்டவன் அழுகையில் கோட்டை விட்டுவிட்டான் என்று நினைத்தேன். ஒன்பது வயதில் எனக்கு அவ்வளவு புத்தி இருந்தது.

தங்கை "அம்மா" என்று சொல்ல வாயெடுத்தாள். வலது கையால் வாயைப் பொத்தினேன். திமிறினாள். இறுக்கினேன். என் உள்ளங்கையைக் கடித்தாள். பல் இறங்கியது, ரத்தம் வந்தது, அப்படியும் விடவில்லை. அவள் என் கைக்குள்ளேயே இருமினாள். வெளியே அந்தக் குரல் என் பேரைச் சொன்னது, அவள் பேரைச் சொன்னது, மாதாவைக் கூப்பிட்டது, கதவில் மோதியது. பிறகு நின்றுவிட்டது. காலடி சந்து வழியாக ஓடிப்போவது கேட்டது. போய்விட்டான் என்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அந்த நிம்மதியைத்தான் இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை.

அம்மா ஓடியது ஆளைக் கூட்டிவர. முன்பக்கம் தீ இருந்ததால் சாவி இருந்தும் பயனில்லை. பின்கதவு உள்ளே தாழ். இரண்டு பேர் கடப்பாரையோடு வந்து தகரத்தைப் பெயர்த்து எங்களை இழுத்துப் போடுவதற்குள் பத்து நிமிஷமோ கால் மணியோ ஆகிவிட்டது. மெயின் ரோட்டில் என்னைப் பார்த்ததும் அம்மா முதலில் கன்னத்தில் ஓர் அறை விட்டாள், பிறகு கட்டிக்கொண்டாள். "மயங்கிட்டியாட்டி? அவ்வளவு கத்துனேனே, கேக்கலையாட்டி?" என்றாள்.

தலையை ஆட்டினேன். கேட்கவில்லை என்று.

அந்த ஒரு தலையாட்டல்தான் நான் செய்தது. அதற்கு மேல் அம்மாவே சொல்லிக்கொண்டாள், பிள்ளைகள் இரண்டும் புகையில் மயங்கிவிட்டன என்று. ஊரெல்லாம் சொன்னாள். ரத்தம் வந்த கையைக் காட்டிக் கேட்டபோது தகரம் கிழித்தது என்றேன். தங்கை பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நாலு வயதில் நடந்தது அவளுக்கு நினைவில்லை. நினைவில்லாததை நெஞ்சு வைத்துக்கொண்டது. மழைக்காலம் வந்தால் இழுப்பு. இப்போது முலுண்டில் புருஷன் பிள்ளையோடு இருக்கிறாள், இன்ஹேலர் இல்லாமல் காய்கறி வாங்கக்கூடப் போவதில்லை. போனில் அவள் மூச்சு இழுப்பதைக் கேட்கும்போதெல்லாம் அம்மா, "பிள்ளையள உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போன பாவி நான்" என்று நெஞ்சில் அடித்துக்கொள்வாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனை நோண்டிக்கொண்டிருப்பேன். இருபத்தேழு வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

தட்டுறவன் என்று ஒருவன் கிடையாது என்பது வளர்ந்த பிறகு புரிந்தது. குப்பை பொறுக்குகிறவர்கள், பட்டறைச் சத்தம், எலி, இவற்றில் ஏதோ ஒன்றை என் பயம் ஆளாக்கிவிட்டது என்று முடிவு கட்டிவைத்திருந்தேன். அன்று பின்கதவில் கேட்டதும் என் பிரமைதான் என்று சொல்லிக்கொண்டேன். முழுக்க நம்பினேன் என்று சொல்ல மாட்டேன்.

கேம் வளர்ந்தது. மாளா வந்தது, ஏணி வந்தது, வாளி வந்தது. நான் சொன்ன அளவுகளையெல்லாம் அப்படியே வைத்துவிட்டார்கள். ஆடுகிறவர் அந்தப் பெண்பிள்ளையின் கண் வழியாகத்தான் எல்லாவற்றையும் பார்ப்பார். தட்டும் சத்தம் வந்தால் அசையக் கூடாது. இன்னொரு தந்திரமும் சேர்த்தார்கள். தட்டியதிலிருந்து ஆடுகிறவரின் மைக் கேட்டுக்கொண்டே இருக்கும். நிஜமாகவே வாய்விட்டு ஏதாவது சொல்லிவிட்டால் கேமில் கதவு திறந்துவிடும். ஆட்டம் முடிந்தது.

ஒருநாள் பக்கத்து மேஜைக்காரர் உற்சாகமாக என்னைக் கூப்பிட்டுப் புதிதாகச் செய்ததைக் காட்டினார். ஒரு தங்கை இருந்தாள் என்று சொன்னாயே, அவளையும் போட்டுவிட்டேன் என்றார். திரையில் ஒரு குட்டிப்பெண் இருமினாள். ஒரு பட்டனை அழுத்தினால் கை நீண்டு அவள் வாயைப் பொத்தும். ஓரத்தில் ஒரு கோடு குறைந்துகொண்டே வரும். அவள் மூச்சு அது. அதிக நேரம் பொத்தினால் அவள் செத்துவிடுவாள், விட்டுவிட்டால் அவன் கேட்டுவிடுவான். எப்படி இருக்கிறது ஐடியா என்று கேட்டார். வாயைப் பொத்தியதை நான் அவரிடம் சொல்லவே இல்லையே. எழுந்து பாத்ரூமுக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக் கையைத் தண்ணீரில் காட்டிக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து இந்தப் பேயை மட்டும் எனக்குச் சாப்பிட்டியா என்று கேட்கத் தோன்றவில்லை. தினமும் நூறு தடவை அந்தப் பட்டனை அழுத்தினேன், தினமும் நூறு தடவை பயந்தேன். வேலையை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். விட்டால் ஏன் என்று கேட்பார்களே.

எல்லாம் சரியாக அமைந்தும் தட்டும் சத்தம் மட்டும் அமையவில்லை. ஸ்டுடியோவில் பத்து விதமாகத் தட்டிப் பார்த்தார்கள், ஒன்றிலும் பயம் வரவில்லை. உனக்குத்தான் தெரியும், நீயே செய் என்று ரிகார்டரை என் கையில் கொடுத்துவிட்டார்கள். தாராவியில் பழைய இரும்புக் கடையில் ஒரு தகரத் துண்டு வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்த பிறகு செம்பூர் வீட்டு ஹாலில் சுவரோரம் சாய்த்துவைத்து ஆரம்பித்தேன். விரலால் தட்டினேன், ஸ்பூனால் கீறினேன். எதைச் செய்தாலும் கல்யாண வீட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தம்தான் வந்தது. அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மெஸ் வேலையை விட்டு வருஷங்கள் ஆகியும் அந்த வேகம் போகவில்லை.

"என்னட்டி அது, மண்டையடி?"

"கேமுக்கும்மா. தட்டுறவன் சத்தம் வேணுமாம்."

"அப்படியில்லட்டி" என்று முழங்காலைப் பிடித்து எழுந்தாள். வரும்போதே தோசைக்கரண்டியை எடுத்துவந்தாள். விரல் முட்டியால் இரண்டு தட்டு, நிதானமாக. நின்றாள். நான் எண்ணாமலே என் மூச்சு மூன்று எண்ணியது. ஒரு தட்டு. பிறகு தோசைக்கரண்டியின் விளிம்பைத் தகரத்தில் வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மெதுவாக இழுத்துக்கொண்டு போனாள்.

முப்பத்தாறு வயதுக்காரி, பட்டப்பகலில், ஜன்னலில் வெயிலும் கீழே ரோட்டில் ரிக்‌ஷா ஹாரனும் இருக்க, என் கையால் என் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

அம்மா சிரித்தாள். "என்னட்டி இப்படி முழிக்க? உனக்குத் தெரியாதா? நாங்கதாம்ட்டி அது. நம்ம கல்லியில வேலைக்குப் போற பொம்பளைய ஏழு பேரு சேந்து பண்ண ஏற்பாடு. யாருக்கு லீவோ, அன்னைக்கு அவ எல்லா வீட்டுக் கதவையும் தட்டணும். காலையில ரெண்டு தடவ. பிள்ளைய ஸ்டவ்வத் தொட்டுரும், கதவத் தொறந்து ரோட்டுக்கு ஓடிரும். எங்களுக்கு வேற என்ன வழி? ஆளு வைக்க முடியுமா? எல்லா வீட்லயும் ஒரே மாதிரி தட்டணும்னு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். பிறகு தகரத்தைப் பார்த்தாள், சிரிப்பு இறங்கிவிட்டது.

"அன்னைக்கும் இந்தக் கை இப்படித்தான் தட்டிச்சு. தீன்னு ஆளு வந்து சொன்னதும் பதறி ஓடி வாரேன், கையில மெஸ்ஸு கரண்டி. அத வச்சிட்டு வரக்கூடத் தோணல. கை பழகிப்போச்சு பாரு. நீங்கதான் மயங்கிக் கெடந்திய."

"ஆமா" என்றேன். மறுபடியும்.

அந்தக் கேமைக் காட்டு என்றாள். இன்னும் முடியவில்லை, உனக்குப் புரியாது, தலை சுற்றும் என்று எல்லாம் சொல்லிப் பார்த்தேன். நான் தட்டுனது எங்க வரும்னு பாக்கணும் என்று பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டாள். லேப்டாப்பைத் திறந்து, ஹெட்போனை அவள் காதில் மாட்டி, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆடினேன். ஸ்பீக்கரிலும் சத்தம் வரும்படி வைத்திருந்தேன். மைக்கை அணைக்க மறந்துபோனேன்.

"ஏ, நம்ம மாளா மாதிரியேல்லா இருக்கு. வாளியப் பாரு!" என்று ஆரம்பத்தில் குதூகலமாக இருந்தாள். அதுவரை பேசினால் ஒன்றுமில்லை. தட்டிய பிறகுதான் மைக் கேட்க ஆரம்பிக்கும். திரையில் இருட்டு கூடியது. குட்டிப்பெண் இருமினாள். ஸ்டுடியோக்காரர்களின் அரைகுறைத் தட்டல் கேட்டது. பிறகு கதவுக்கு வெளியே ஒரு பெண் குரல் இந்தியில் கூப்பிட்டது. மகளே, கதவைத் திற, அம்மா வந்திருக்கிறேன். நான் பட்டனை அழுத்தினேன். கை நீண்டு குட்டிப்பெண்ணின் வாயைப் பொத்தியது.

அம்மா ஒரு காதிலிருந்து ஹெட்போனை நகர்த்தி, என் காதோடு ரகசியம் மாதிரி கேட்டாள். "இந்தப் பிள்ள முழிச்சிட்டுத்தான இருக்கு?"

தலையாட்டினேன்.

"அம்மா கூப்பிடுதது கேக்குதா?"

அதற்கும் தலையாட்டினேன்.

"பின்ன ஏன் பேசமாட்டேங்கு?"

வாயைத் திறந்தால் கதவு திறந்துவிடும் என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மைக்குக்கு எட்டாத ரகசியக் குரலில்தான் சொன்னேன். "அம்மா சொல்லிட்டுப் போயிருக்கா. எங்குரல்ல கூப்பிட்டாலும் வாயத் தொறக்காதன்னு."

அம்மா திரையைப் பார்த்தாள். அந்தக் கோடு குறைந்துகொண்டே வந்தது. குட்டிப்பெண் பொத்திய கைக்குள் இருமினாள். அம்மா முன்னால் குனிந்து, மைக் வாய்க்கு அருகில் இருப்பது தெரியாமல், உரக்கச் சொன்னாள். "ஏட்டி, நான்தாம்ட்டி. பேசு. பேசுட்டி!"

கதவு படாரென்று திறந்தது. திரை கறுத்தது.

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள். திரையைப் பார்க்கவில்லை. என் வலது கையைப் பார்த்தாள். மவுஸிலிருந்து அதை எடுத்து, மலர்த்தி, வெளிச்சத்துக்குத் திருப்பினாள். உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே, சின்னதாக நாலு வெள்ளைத் தழும்பு, வளைவாக.

"தகரம் கிழிச்சிட்டுன்னு சொன்ன."

"தகரம் இல்லம்மா."

இவ்வளவுதான் நாங்கள் பேசியது. நான் விழித்திருந்தேன் என்றோ, நீ அழுததைக் கேட்டேன் என்றோ சொல்ல வேண்டியிருக்கவில்லை. தழும்பை ஒரு தடவை விரலால் தொட்டுப் பார்த்தாள். கையை என் மடியிலேயே வைத்தாள். எழுந்து பாத்ரூமுக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

பீன்ஸ் பாதி நறுக்கியபடி கிடந்தது. நான் லேப்டாப்பை மூடினேன். ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து ஆயிற்று. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மாவுக்கு பிபி உண்டு. போன மாதம் அதே பாத்ரூமில் வழுக்கிச் சுவரைப் பிடித்து நின்றிருக்கிறாள். போய்க் கதவைத் தட்டினேன்.

"அம்மா."

பலமாகத் தட்டினேன். "அம்மா, கதவத் தொற."

தண்ணீர் மட்டும். கையை விரித்து அடித்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. உள்ளே இருப்பவள் விழித்திருக்கிறாளா, விழுந்து கிடக்கிறாளா, கேட்டும் பேசாமல் இருக்கிறாளா, எதுவும் தெரியாமல் ஒரு கதவுக்கு வெளியே நிற்பது எப்படியிருக்கும் என்று இருபத்தேழு வருஷத்தில் ஒருநாளும் நான் யோசித்ததில்லை. பயம் முழுவதும் மாளாவில்தான் இருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "அம்மா, பேசும்மா" என்றேன். அழுகை வந்துவிட்டது. வாய்க்கு வந்தபடி கத்தினேன், கதவை உடைக்கப் போகிறேன் என்றேன்.

குழாய் நின்றது.

"இருக்கேன்ட்டி" என்றாள் உள்ளே இருந்து. கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை, "இருக்கேன்."

தாழைத் திறக்க அவளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் கதவை விட்டு நகரவில்லை.